பிள்ளை பார்க்கப் போகுமுன்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் காரியதரிசி அவர்களிடம் தெரிவித்தபோது, அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வாலிபர் சங்கத்தில் பிள்ளைப்பேற்றைப் பற்றியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பிள்ளை பெறுவதும், பெற்றவளைப் போய்ப் பார்ப்பதும் பெண்கள் காரியம். ஆடவருக்கு அங்கே என்ன வேலை என்றுதான் நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அப்படி எண்ணியிருந்ததனாலேயே ஒரு வீட்டில் பெரும் பிழையொன்று செய்தோம். அதைச் சொல்லிவிட்டு மேலே போவதே முறை.

சில வருஷங்களுக்கு முன் பசறைப் பகுதித் தோட்டமொன்றில் நம் நண்பர் ஒருவருக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. தாயும் சேயும் வைத்தியசாலையிலிருந்து லயத்துக்கு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இரண்டு அன்பர்களை உடன் அழைத்துக்கொண்டு போனோம். கையில் பழமும் பிஸ்கற்றும் இருந்தன. காம்பராவுக்குள்ளே ஒரு மூலையில் பாயில் அந்தத் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைத் துணியிலே சுற்றி மடியில் வைத்திருந்தாள். "என்ன பிள்ளை?" என்று கேட்டோம். "பொண்ணுங்க அண்ணே" என்றாள். நாம் உடனே, மிக்க பரிவோடு, "பரவாயில்லை" என்றோம்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு, பிள்ளையின் கையில் காசு வைத்துவிட்டு வந்துவிட்டோம். அந்தத் தங்கச்சி அன்றிரவு சாப்பிடவில்லை என்பதும், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் விடியும்வரை அழுதாள் என்பதும் ஏழெட்டு மாதங் கழித்துத்தான் நமக்குத் தெரிய வந்தது. நண்பரே சொன்னார். அதையும் குற்றமாகச் சொல்லவில்லை; வேறேதோ பேச்சிலே வாய்தவறி வந்தது.

"பரவாயில்லை" என்ற சொல்லை நாம் எங்கே பிரயோகிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பானை உடைந்தால் பரவாயில்லை. பஸ் தவறிப்போனால் பரவாயில்லை. பரீட்சையில் ஒரு பாடம் கோட்டைவிட்டால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், பரவாயில்லை. நட்டத்துக்குச் சொல்லும் ஆறுதல் அது. பத்து மாதம் சுமந்து, பதினெட்டு மணி நேரம் நோவுபட்டு ஒருத்தி பெற்றெடுத்ததை ஒரு நட்டமாக நாம் கணக்கெழுதிவிட்டோம். அதுவும் அன்பு காட்டுவதாக நினைத்துக்கொண்டு!

இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார் பலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. இதைவிடக் கனமான சொற்களை எல்லாம் கேட்டவர்கள் நீங்கள் என்பதை அறிவோம். ஆகவே, பிள்ளை பெற்றவள் வீட்டில் ஒரு காலைப் பொழுது எப்படிப் போகிறது என்பதை வாலிப அன்பர்களுக்காகச் சொல்கிறோம்.

முதலிலே பக்கத்துக் காம்பரா அக்கா வருகிறார். பிள்ளையைப் பார்த்து, "என்னா புள்ள, எலிக் குஞ்சு கணக்கா இருக்கு?" என்கிறார். அவர் போனதும் மேல் லயத்துப் பெரியம்மா. "பாலு இருக்கா? புள்ள இப்படிக் கத்துதே, பாலு பத்தல போல." அவர் சொல்லி வாய் மூடுமுன் மாப்பிள்ளை வகையில் ஒரு சின்னம்மா: "எங்க வீட்டுல யாரும் இந்த நெறமில்லியே." அதற்குள் இஸ்தோப்பிலே உட்கார்ந்திருந்த ஒரு மாமா உள்ளே எட்டிப் பார்த்து, "சத்திரசிகிச்சைதானா? அப்ப நோவே தெரிஞ்சிருக்காதே, சுகமாப் பெத்துட்டே" என்று ஹாஸ்யம் செய்கிறார். கடைசியாக ஒருவர், "அப்பன் சாடை ஒண்ணுங் காணோமே" என்று சிரிக்கிறார். மற்றவர்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பின் அந்த வீட்டில் இரவு என்ன நடக்கிறது என்பதைச் சிரித்தவர்கள் அறியமாட்டார்கள். இந்த ஒரு வாக்கினால் புருஷன் பெண்சாதிக்கிடையே மாதக்கணக்கில் பேச்சற்றுப்போன வீட்டை நாம் அறிவோம். இதைப்பற்றி இன்னும் விரித்துப் பேசக் கூசுகிறது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வந்தவர்களில் யாரும் பகைவர் அல்லர். அக்கா காலையிலே வெந்நீர் போட்டுக் கொடுத்தவர். பெரியம்மா மிளகும் பூண்டும் இட்டுப் பத்தியக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தவர். கை நல்லதையே செய்கிறது. வாய்தான் கையோடு ஒத்துப்போகவில்லை.

பட்டணத்திலே பெரிய வீட்டில் இருப்பவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வந்தவர் முன்கூடத்தில் இருக்க, அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நமது பழைய லயக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலேதான் சமையல், படுக்கை, சாமிப்படம், பிள்ளைத்தொட்டில் எல்லாம். ஒரு காம்பராவிலே பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். சில லயங்களில் மூன்றாவதிலும் கேட்கும். ஆகவே ஒருவர் சொன்ன சொல் அவரோடு போய்விடுவதில்லை. சுவருக்கு அப்பால் இன்னொருவர் வாயில் அது மறுபடியும் பிறக்கிறது, பீலியடியில் வளர்கிறது, பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேரும்போது முழு ஆளாகிவிடுகிறது. பெற்றவள் எழுந்து நடமாடக்கூட முடியாத நாட்களில் அவளைப் பற்றிய பேச்சு மலை முழுவதும் நடமாடுகிறது.

பெண் பிள்ளை விஷயத்துக்கு வருவோம். மற்ற ஊர்க்காரர் எவர் பேசினாலும் மலைநாட்டான் பேசக்கூடாத பேச்சு இது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை வரைக்கும், அந்தப் பக்கம் ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை வரைக்கும் மலைச்சரிவுகளைப் பாருங்கள். கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு நிரை பிடித்து நிற்பது யார்? ஊவாத் தேயிலையின் வாசனைக்கு உலகச் சந்தையில் கிடைக்கும் பெயர் எவருடைய விரல் நுனியிலிருந்து புறப்படுகிறது? தோட்டத்தில் உலை கொதிப்பது பெரும்பாலும் பெண்ணின் பேர்ச் சம்பளத்தினால். அப்படியிருந்தும் 1984ஆம் ஆண்டுவரை ஆணைவிடக் குறைந்த நாட்கூலியே அவளுக்கு அளக்கப்பட்டது. சமசம்பளம் அந்த ஆண்டில்தான் வந்தது. கூலியிலே குறைத்தது தோட்ட நிர்வாகம். பிறப்பிலே குறைப்பது நாம். அவள் உழைப்பில் ஆக்கிய சோற்றைத் தின்றுவிட்டு, அவள் வயிற்றில் ஒரு பெண் பிறந்தால் "பரவாயில்லை" என்கிறோம்.

பெண்ணாய்ப் பெற்றது தாயின் குற்றம் என்ற எண்ணம் நம் பெரியோரிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. விஞ்ஞானம் இதைத் தீர்த்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நெற்றி ஸ்ரீவன்ஸ் என்னும் பெண்மணி, மாவில் உண்டாகும் ஒருவகை வண்டுப் புழுவை வைத்து ஆராய்ந்து, பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது ஆணின் விந்திலுள்ள நுண்கூறே என்று காட்டினார். மனிதருக்கும் அதுவே விதி. ஆகவே யாராவது அவசியம் குறை சொல்லியே தீரவேண்டும் என்றிருந்தால், இஸ்தோப்பில் பீடி பிடித்துக்கொண்டிருக்கும் தகப்பனாரிடம் போய்ச் சொல்லலாம்.

"ஒரு சொல்லுக்கு இத்தனை பெரிய பேச்சா? எங்கள் காலத்தில் எத்தனை கேட்டோம், செத்தா போய்விட்டோம்?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை நம் தமிழ் மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது. வேலூரை அடுத்த கிராமங்களில் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 359 கர்ப்பிணிப் பெண்களைக் கடைசி மாதங்களில் ஒரு முறையும், பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுமுறையும் கண்டு விசாரித்தார்கள். அதன் முடிவு 2002ஆம் ஆண்டில் பிரித்தானிய மனநல மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. பிரசவத்தின் பின் நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் கண்டிருந்தது. எவரெவருக்கு அது கூடுதலாக வந்தது என்று பார்த்தால், வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம் உள்ளவர்களுக்கு, கர்ப்ப காலத்தில் துன்பம் நேர்ந்தவர்களுக்கு, கைவேலைக்கு உதவியில்லாதவர்களுக்கு. கோவாவிலே வேறு ஆராய்ச்சியாளர் செய்து அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் பெண் குழந்தை விஷயத்தில் இப்படியே சொல்லிற்று.

இதிலே பெண் குழந்தை நோயைக் கொண்டுவரவில்லை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பெண் வேண்டாம் என்ற எண்ணமே அதைக் கொண்டுவருகிறது. அந்த எண்ணம் தாயின் காதுக்கு எந்த வழியாகப் போகிறது? பிள்ளை பார்க்கப் போன நம் வாய் வழியாகத்தானே!

அடுத்தது, "எலிக் குஞ்சு" என்னும் பேச்சு. பிறக்கும்போது 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த பிள்ளையை நிறை குறைந்த பிள்ளை என்று வைத்தியர் சொல்கிறார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப் பகுதிகளில் அப்படிப்பட்ட பிள்ளைகள் கூடுதலாகப் பிறக்கின்றன என்பதை அரசாங்கக் கணிப்புகள் தொடர்ந்து காட்டிவந்துள்ளன. காரணம் என்ன? அந்தத் தாய் எட்டாம் மாதத்தில் சாப்பிடாததா? அது மட்டுமன்று. அவளே சிறுமியாயிருந்தபோது போதிய சத்தில்லாமல் வளர்ந்தாள். அவளுடைய தாயும் அப்படியே வளர்ந்தாள். இரத்தச்சோகை, ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாய்ப் போன பகல் சாப்பாடு, செங்குத்து மலையில் ஏறி இறங்கிய கால்கள், எல்லாம் சேர்ந்து மூன்று தலைமுறைக் கணக்கு அந்தத் தராசிலே நிறுக்கப்படுகிறது. நூறு வருஷத்து வறுமையை ஒருத்தியின் தலையில் ஒரு வாக்கியத்தில் சுமத்திவிட்டு நாம் எழுந்து வந்துவிடுகிறோம்.

சிறிய பிள்ளைக்கு வேண்டியது வேறு. கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டில் எட்கார் ரே என்ற வைத்தியர், கருவிகள் போதாத வைத்தியசாலையிலே, நிறை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியை வைத்திருப்பது போல என்று அதற்குப் பெயரும் வந்தது. இன்று உலகமெங்கும் அதைக் கைக்கொள்கிறார்கள். தாயின் மார்ச்சூடு பிள்ளையைத் தேற்றும். அந்த மார்புக்குள்ளே இருக்கும் நெஞ்சை நாம் கலக்காமல் இருந்தால் போதும்.

பாலைப் பற்றிய பேச்சுத்தான் எல்லாவற்றிலும் அதிக நாசம் செய்வது. ஆகையால் இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்த முதலிரண்டு நாளில் சுரப்பது சீம்பால். சொட்டுச் சொட்டாய், மஞ்சளாய் இருக்கும். அதைப் பார்த்தே "பாலில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. அந்தச் சொட்டே அதற்கு விருந்து. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் பால் கட்டும். அதற்கிடையில் குழந்தையின் நிறை சற்றுக் குறைவது இயற்கை. பத்துப் பதினாலு நாளில் இழந்ததைத் திரும்பப் பெற்றுவிடும். இதை அறியாத ஒருவர் ஐந்தாம் நாளில் வந்து "புள்ள இளைச்சுப் போச்சே" என்கிறார்.

குழந்தை குடிக்கக் குடிக்கவே பால் ஊறும். ஊறிய பால் வெளியே வருவதற்குத் தாயின் உடம்பில் ஒரு சுரப்பு வேலை செய்யவேண்டும். அவள் அமைதியாயிருந்தால், பிள்ளையை நினைத்தால், அது தானாய்ப் பெருகும். பயமும் வெட்கமும் கவலையும் வந்தால் தடைப்படும். ஆகவே, "பாலு பத்தல" என்று முதல்நாள் சொன்னவர், மறுநாள் வந்து பார்க்கும்போது அவர் சொன்னது பலித்திருக்கக்கூடும். தம் வாக்கு பலித்தது என்று அவர் பெருமைப்பட இடமில்லை. பலிக்கச் செய்தவரே அவர்தாம்.

பிறகு நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பதறிப்போன தகப்பன் டவுனுக்குப் போய்ப் பால்மாப் பெட்டியொன்று வாங்கி வருகிறான். சில நாட்பேர்ச் சம்பளம் அதில் கரைகிறது. போத்தலில் குடித்த குழந்தை மார்பைத் தேடுவது குறைகிறது. தேடுவது குறைய ஊறுவதும் குறைகிறது. பெட்டி தீரும் தறுவாயில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிறார்கள். பின்னே வயிற்றோட்டம். பால்மா வியாபாரம் தாய்ப்பாலுக்குப் போட்டியாய் வரக்கூடாதென்று உலக சுகாதார அமைப்பின் மகாசபை 1981ஆம் ஆண்டில் ஓர் ஒழுங்குவிதி இயற்றிற்று. கம்பெனி விளம்பரத்துக்கு விதி போடலாம். நம் லயத்துப் பெரியம்மாவுக்கு யார் விதி போடுவது? உண்மையிலே பால் போதாமற் போகும் தாய்மாரும் சிலர் உண்டு. அதைக் கண்டறிய நிறைத்தட்டும் மருத்துவ மாதுவும் இருக்கிறார்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, மூத்திரம் போவது குறைந்தாலோ அவரை உடனே அழைக்கத்தான் வேண்டும். அப்போது வாய்மூடி இருப்பது தர்மமாகாது.

இவ்விடத்தில் நம் பாட்டிமாருக்காக ஒரு வார்த்தை பேசாவிட்டால் நாம் அநியாயம் செய்தவர்களாவோம். குழந்தையைக் குறைத்துப் பேசுவது அவர்களிடம் ஒரு பழைய வழக்கம். அழகாயிருக்கிறது என்று சொன்னால் கண்பட்டுவிடும். ஆகவே, கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளையைப் பார்த்து "நோஞ்சான்" என்பார்கள். சிவந்த பிள்ளையைக் "கருவாயா" என்று கொஞ்சுவார்கள். தங்காமல் போன பிள்ளைகளுக்குப் பின் பிறந்ததற்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்ததும் இதே அச்சத்தினால்தான். கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டு எப்படியோ, அப்படியே அந்தச் சொல்லும். ஆனால் அந்தக் காலத்துத் தாய்க்கு அந்தப் பாஷை விளங்கியது. பாட்டி தன் பிள்ளையைத் திட்டவில்லை, கண்ணேறை ஏமாற்றுகிறாள் என்று அவள் அறிந்திருந்தாள். இன்று பள்ளியிலே பத்தாம் வகுப்பு வரை படித்து, கொழும்பிலே கடையிலோ தைக்கும் தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டு வந்து பிள்ளை பெற்றிருக்கும் பெண்ணுக்கு அந்தப் பாஷை தெரியாது. அவள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறாள். பொட்டு இருக்கட்டும், சொல்லை விட்டுவிடலாம் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

மூன்றாவது நான்காவது பிள்ளை பெற்றவளிடம் "இன்னுமா?" என்று கேட்பதையும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் சட்டமே நமக்கு வழிகாட்டியிருந்தது! 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டத்தின் கீழ், உயிரோடு இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு அடுத்த பிரசவத்துக்கு 42 நாள் விடுமுறையே நெடுங்காலம் இருந்தது; முதலிரண்டுக்கு 84 நாள். மூன்றாவது பிள்ளையைப் பெற்ற தாயின் உடம்பு பாதி நாளில் தேறிவிடும் என்று எண்ணினார்கள் போலும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அந்த வித்தியாசம் நீங்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்றாயிற்று. சட்டம் திருந்திவிட்டது.

இனி, எல்லாவற்றிலும் பாரதூரமானதைச் சொல்கிறோம். பிரசவமாகி மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. உடம்பின் சுரப்புகள் திடீரென்று மாறுவதும், நித்திரையின்மையும், களைப்பும் சேர்ந்து செய்வது அது. இரண்டு வாரத்தில் தானே தணிந்துவிடும். அப்போது "புள்ள பெத்தவ அழுதா வீட்டுக்கு ஆகாது" என்று அதட்டினால், அவள் அழுவதை நிறுத்துவதில்லை, மறைவாய் அழுகிறாள். இரண்டு வாரம் கடந்தும் சோர்வு தீராமல், சாப்பாடு வேண்டாம், பிள்ளையைப் பார்க்கவும் மனமில்லை, நான் எதற்கும் உதவாதவள் என்று இருந்தால் அது வேறு, அது நோய். பேயுமன்று, பிடிவாதமுமன்று. இதைக் கண்டுபிடிக்க 1987ஆம் ஆண்டில் எடின்பரோவில் ஜோன் கொக்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் பத்துக் கேள்விகள் அமைத்தார்கள். தமிழிலும் சிங்களத்திலும் அவை பெயர்க்கப்பட்டுப் பயன்பட்டு வருகின்றன. மருத்துவ மாது வீட்டுக்கு வந்து இப்படி ஏதேனும் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று மாமியாரே பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டாம். பெண்ணைத் தனியே பேச விடுங்கள். சாக வேண்டும் என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ அவள் வாயில் ஒரு சொல் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். லொறியோ, தோட்டத்து வாகனமோ, முச்சக்கர வண்டியோ, எது அகப்பட்டாலும் சரி. பாம்பு கடித்தால் நாம் எப்படி ஓடுகிறோம்? அப்படி.

பிள்ளை தங்காமற் போன தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வயசு இருக்கு, இன்னொன்னு பெத்துக்கலாம்" என்பதைத் தயவுசெய்து ஒருவரும் சொல்ல வேண்டாம். அவளருகே சும்மா உட்கார்ந்திருங்கள்.

திருச்சிராப்பள்ளி மலைமேல் தாயுமானவர் கோயில் இருப்பது எல்லோரும் அறிந்தது. அந்தப் பெயர் எப்படி வந்ததென்று தலபுராணக் கதை ஒன்று உண்டு. இரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பேறுகாலம். துணைக்கு வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் நின்றுவிட்டாள். அப்பொழுது சிவபெருமானே அந்தத் தாயின் வடிவங்கொண்டு வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை பல நாள் கூட இருந்து பணிவிடை செய்தார் என்பது கதை. சிறு வயதிலிருந்து இதைக் கேட்டு வருகிறோம். அண்மையில் மறுபடியும் கேட்டபோதுதான் ஒன்று உறைத்தது. வந்தவர் என்ன செய்தார் என்று கதை சொல்கிறது. என்ன பேசினார் என்று நாம் கேட்ட வரையில் ஒருவரும் சொன்னதில்லை. மூவுலகையும் அறிந்தவருக்குப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல அபிப்பிராயம் ஒன்றும் இல்லாமலா இருந்திருக்கும்?

கதையிலே மட்டுமல்ல, நம் மலைகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஹாலி-எலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டி இருந்தார், இப்போது இல்லை. லயத்திலே யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவர் போவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், மூலையில் கிடக்கும் பிள்ளைத்துணிகளை வாரிக்கொண்டு பீலிக்குப் போய்விடுவார். துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து, "நீ சாப்பிட்டியா ஆயி?" என்று கேட்பார். அதுதான் அவருடைய முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும். பிள்ளையின் முகத்தை அவர் பார்த்தாரா என்பதே பலருக்குத் தெரியாது. அவர் வந்துபோன வீட்டில் அன்றைக்கு அடுப்பு நேரத்துக்கு எரியும். பெற்றவள் ஒரு மணி நேரமாவது கண்ணயர்வாள். எத்தனை வீட்டுக்குப் போனாரோ, கணக்கில்லை.

வாலிப அன்பர்களே, நீங்கள் இன்றோ நாளையோ தகப்பன்மார் ஆகப் போகிறவர்கள். வந்தவர்களை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. நம் சமூகத்தில் மூத்தவரை அப்படிப் பேசுவது முறையும் ஆகாது. ஆனால் வாசற்படியில் நிற்பது உங்கள் வேலை. "பிள்ளை இப்பத்தான் தூங்குது பெரியம்மா, வாங்க இஸ்தோப்பில் உட்காருங்க, தேத்தண்ணி குடிங்க" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பேச்சு வேறு வழியில் போகும்போது, "புள்ள நல்லாத்தான் இருக்கு, நேத்து மருத்துவ மாது நிறுத்துப் பார்த்தாங்க" என்று புருஷன் ஒரு வாக்கியம் சொன்னால், பெற்றவளுக்கு அது ஒரு கோட்டை. பெரும்பாலான வீடுகளில் அவன் அப்போது அங்கே இருப்பதில்லை; சந்தியில் நண்பர்களுக்கு விருந்து வைத்துக்கொண்டிருக்கிறான். அந்த விருந்துக்குப் போகிறவர்களும் இந்தச் சபையிலே இருக்கிறார்கள். நாம் உட்பட.

சங்கத்தின் சார்பில் ஒரு யோசனை. சுகமில்லாதவர் வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் நம் அங்கத்தினர் போய் வேலை செய்வது வழக்கமாயிருக்கிறது. விறகு பிளப்பதும் தண்ணீர் சுமப்பதும் நமக்குப் புதிதல்ல. பிள்ளை பிறந்த வீட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாக சபைக்குத் தெரிவிக்கிறோம். வெளியே வேலை செய்துவிட்டு வெளியிலிருந்தே திரும்பலாம்.

முதலிலே சொன்ன வீட்டைப் பற்றிய மீதியையும் சொல்லிவிடுகிறோம். நண்பர் அந்த விஷயத்தைச் சொன்ன பிறகு அந்தப் பக்கம் போக நமக்கு வெட்கமாயிருந்தது. பல தைப்பொங்கலுக்கு ஏதேதோ சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டோம். போன பொங்கலுக்குத்தான் போனோம். பிள்ளை வளர்ந்து முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தது. தாய் அடுப்படியிலிருந்து தேத்தண்ணியை ஊற்றிக் கொடுக்க, அதுதான் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் இஸ்தோப்பு வரை நடந்து வந்தது. நாம் எடுத்துக்கொண்டு, "கெட்டிக்காரி" என்றோம். உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது: "பரவாயில்லைங்களா அண்ணே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நமக்குத்தான் தேநீர் தொண்டையில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.